மில் அக்கா முகர்ந்து பார்த்த சிப்

மில் அக்காவின் உள்ளங்கையில் அந்தப் புரொசசர் கிடந்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கணினியின் மூளை என்று வாடிக்கையாளருக்கு நாங்கள் சொல்கிற, பாதி பிஸ்கட் அளவுச் சதுரம். அதை அவர் நெல்லைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். பெருவிரலால் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். "அக்கா, அதைக் கையால தொடக்கூடாது," என்று பதறினேன். "வாங்கிற ஆள் தொடாமல் வேற ஆர் தொடுறது?" என்றார்.

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் இருக்கும் எங்கள் கணினிக் கடையில் மூவர் பங்கு. அக்கராயனில் நெல் ஆலை வைத்திருந்த அக்கா. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து, நெடுங்காலம் கழித்து வன்னிக்கே திரும்பிவந்த புடைவை வியாபாரி ஹாஜியார். பழுதான கணினிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் பழகிய நான். முதல் அவர்களுடையது, கை என்னுடையது.

அது கொரோனாக் காலம். பிள்ளைகளின் படிப்பெல்லாம் திரைக்குள் போயிருந்தது. உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு. புதுப் புரொசசரின் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. கொழும்பிலிருந்து ஒரு முகவர் பழைய ரகச் சிப்புகளைப் பெட்டியோடு கொண்டுவந்தார். "பாவிக்காத சாமான், மிஞ்சிக் கிடந்தது. வன்னிக்கு இது காணும்," என்றார். புதியதின் பாதி விலைதான். எங்களிடம் இருந்த முதலோ ஒரேயொரு கொள்வனவுக்குத்தான் போதும். அது பிழைத்துப்போனால் கடைக்குப் பூட்டு.

ஹாஜியார் வாங்கச் சொன்னார். "தங்கச்சி, புதுசை இந்த விலைக்கு ஆர் வாங்குவினம்? சனத்தின்ர கையைப் பாத்துத்தானே சாமான் போடோணும்."

"காசு குறைவெண்டால் எண்ணிக்கையைக் குறைச்சு வாங்கட்டும். தரத்தை ஏன் குறைக்கோணும்?" என்றார் அக்கா.

விலை இறங்கும்வரை பொறுப்போம் என்றேன் நான். "அதுவரைக்கும் பிள்ளையளின்ர சோதினையும் பொறுக்குமோ, தம்பி?" என்று அக்கா என்னை வாரினார்.

"நெல்லும் சிப்பும் ஒண்டோ?" என்று ஹாஜியார் சிரித்தார்.

"ஒண்டுதான். நல்ல அரிசியை லொறியில ஏத்திவிட்டுட்டுக் குறுணலில கஞ்சி காய்ச்சின ஆக்கள் நாங்கள். இதிலயும் குறுணலோ?"

அது வாய்ப்பேச்சல்ல. லொறிக்காரர் வயல் வரம்பில் நின்று ஈரநெல்லுக்கு விலை சொன்ன காலத்தை அக்கா கண்டவர். சொந்த ஆலை வந்தபிறகு ஒரு வழக்கம் வைத்தார்: போகத்தின் முதல் முழு அரிசி வேலையாட்களின் வீடுகளுக்கு, மிச்சம்தான் லொறிக்கு. பழைய அரிசியை மறுபடி தீட்டிப் புதிதென்று விற்பவர்களையும் அவர் அறிவார். மினுக்கம் கூடினால் அவருக்குச் சந்தேகமும் கூடும்.

முகவரின் சிப்பை முகர்ந்துவிட்டு, "தம்பி, இது தீட்டினது," என்றார் அக்கா.

உருப்பெருக்கியை எடுத்தேன். எழுத்துகளுக்குக் கீழே உரசிய கீறல்கள். மூடியின் ஓரத்தில் காய்ந்துபோன பழைய பசை. யாரோ பாவித்துக் கழற்றியதைச் சுரண்டி, மேலே புதிதாக எழுத்து அடித்திருந்தார்கள். நாள்தோறும் கணினி திறக்கிற நான் விலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

"எல்லா இடத்திலயும் இதைத்தானே எடுக்கினம்," என்றார் முகவர்.

"அப்ப அந்த எல்லா இடத்துக்கும் கொண்டுபோங்கோ!" என்றார் அக்கா.

அந்த முதலில் ஆறே ஆறு புதுப் புரொசசர்கள் வாங்கினோம். கடைத் தட்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. "கணினிக் கடையோ, காத்துக் கடையோ?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். "காத்தாவது சுத்தமாய் இருக்கு," என்றார் அக்கா. தனியாக வாங்க முடியாத குடும்பங்களை அவரே கூட்டினார். புளியங்குளத்தில் நான்கு வீடுகள் சேர்ந்து, அதில் ஒன்று பூட்டிய கணினியை வாங்கின. ஆறும் விற்றுப்போயின, கடை தப்பியது. பிள்ளைகள் முறைவைத்துப் படித்தார்கள்.

அக்கா இப்போது இல்லை. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் சிப் விலை மறுபடி ஏறுகிறது. போன கிழமை வேறொரு முகவர், மலிவுப் பெட்டி ஒன்றோடு வந்தார். உண்மையைச் சொன்னால், கடை வாடகையை நினைத்து என் மனம் ஆடியது. ஹாஜியார் பெட்டியைத் திறக்கவே விடவில்லை. "மகன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. புதுசு எப்ப வரும், என்ன விலை, அதை மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நாங்கள் சண்டை பிடிச்சு முடிவெடுப்பம்."

முகவர் போனதும் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"வாரும் தம்பி, தொடங்குவம். இண்டைக்கு நான் அக்காவின்ர பக்கம். நீர் என்ர பழைய பக்கத்தில நிண்டு, மலிவை வாங்குவமெண்டு கதையும், பாப்பம்."