தாளில் அடங்கிய பூ

பாறை மேல் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கல்லில் வைத்து, லெம்பி நீமி ஒரு பொன்கோல் செடியின் உயரத்தை அளப்பாள். அவள் ஓட்டும் தபால் வண்டி மேலே சாலையோரம் காத்திருக்கும். ஆகஸ்ட் கடைசியில் அவளுடைய வட்டாரத்தில் கடிதங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஊருக்கும் அது பழகிவிட்டது. சுப்பீரியர் ஏரியின் மூடுபனி பாறைகளில் ஏறி இறங்க, மஞ்சள் பூக்கள் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும். அந்த நேரத்தில் யார் பேச்சுக் கொடுத்தாலும், பாதித் தூக்கத்தில் இருப்பவளைப் போல "ம்" என்பாள்.

வயது அறுபத்தொன்று. ஒரு சட்டைப்பையில் மர ஸ்கேல், இன்னொன்றில் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி, பாதி கடித்தது. பேச்செல்லாம் செடிகளோடுதான். "அக்காவுக்கு மூணு கிளை, உனக்கு மட்டும் ஏழா? யாரைக் கேட்டு வச்சுக்கிட்ட?" ஓர் இலை பல்பல்லாக இருக்கும், பக்கத்துச் செடியில் அதே இலை வழவழவென்று இருக்கும். அதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது. "எல்லாம் ஒண்ணு போல இருந்தா ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதுமே, நான் எதுக்கு?" என்பாள்.

கணவன் ஒன்னி படகு பழுதுபார்ப்பவன். "ஊரே களைன்னு வெட்டி எறியுது. இவ அதுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிறா" என்று சொல்லிவிட்டு, தானே ஸ்கேலைத் தேடி எடுத்துக் கொடுப்பான்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் இந்தப் பாறையில் பதினொரு குட்டைச் செடிகளைப் பறித்து, செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். இது ஊரெங்கும் வளரும் நெட்டைப் பொன்கோல் அல்ல, தனி வகை என்று அங்கிருந்த தாவரவியலாளர் தீர்மானித்தார். 'நீமி பொன்கோல், நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் வளராது' என்று புத்தகத்தில் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்தின் நகல் அவள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில், எண்ணெய்க் கறையோடு, இன்னும் இருக்கிறது. பிள்ளை இல்லாத வீடு. "பேர் சொல்ல ஒரு செடியாவது இருக்கே" என்று விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு முழுக்கச் சிரிப்பல்ல.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. தன் வீட்டுத் தபால் பெட்டியில் தானே போட்டு, உள்ளே போய்க் கோட்டைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியிருந்தார்: 'உங்கள் பாறையில் நாற்பதைத் தாண்டிய செடி இருக்கிறதா? இருந்தால் ஒன்று அனுப்புங்கள். அப்படியானால் நீமி பொன்கோல் தனி வகை ஆகாது.'

இருக்கிறது. பாறைக்குப் பின்னால், ஈரப் பிளவில், இடுப்புயரத்துக்கு நிற்கிறது. அதே இலை, அதே பூ. குட்டைக்கும் நெட்டைக்கும் நடுவே எல்லா உயரத்திலும் செடிகள் உண்டு. முதல் வருடமே பார்த்தாள். செய்தித்தாளின் நீளம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். நீளமான தண்டை மடித்து வைக்கலாம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தாளில் அடங்கியதை மட்டும் பறித்தாள். பிறகு தெரிந்துகொண்டாள், யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் வருடத்துக்கு ஒரு முறை பூத்தது.

"பதில் போடாம விட்டுடேன். இவ்வளவு தூரம் யாரு வந்து பாக்கப்போறா?" என்றான் ஒன்னி.

"செடி நிக்குதே, ஒன்னி."

"உன் பேரு போயிடுமே."

"ம்."

இன்று காலை பனி விலகுவதற்கு முன்பே பாறைக்குப் பின்னால் போனாள். அங்கே நிற்பதிலேயே நெட்டையானதை வேரோடு எடுத்து, மண்ணை உதறி, செய்தித்தாளை விரித்து வைத்தாள். தண்டை ஒரு முறை மடித்தாள். பூ இன்னும் தாளுக்கு வெளியே நீண்டிருந்தது. விரலால் அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, இன்னொரு முறை மடித்தாள்.