மலைக்கு ஆகாதவள்

கருவி அறையின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள் செனோபியா. அதிலும் திருப்தி வராமல் கதவை ஒரு உதை உதைப்பாள். உள்ளே பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் நான்கு, வெடித்திரி ஒரு சுருள், மண்வெட்டிகள். வெள்ளி எடுக்கும் பொட்டோசி மலையில் அந்தச் சுரங்க வாயிலுக்கு அவள்தான் காவல். வாயிலை ஒட்டி அவள் குடியிருக்கும் ஒரு கல் அறை, மூன்று நாய்கள், பசியும் களைப்பும் தெரியாமலிருக்கக் கன்னத்தில் அடக்கிய கோகா இலை. யாராவது பக்கத்தில் வந்தால் முதலில் கல்லை எறிவாள், பிறகுதான் யாரென்று கேட்பாள். ஒருமுறை சுரங்கச் சங்கத்தின் தலைவருக்கே நெற்றி வீங்கிவிட்டது. "தூரத்துல பாத்தா எல்லாரும் திருடன் மாதிரிதான் இருக்கீங்க" என்றாளாம். மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

பத்து மணிக்கு மேல் வில்பர் ஒரு வேன் நிறையச் சுற்றுலாக்காரர்களைக் கொண்டுவந்து இறக்குவான். இதே சுரங்கத்தில் உழைத்து, நெஞ்சில் தூசி ஏறி, வழிகாட்டியாக மாறியவன். இந்த மலையில் எடுத்த வெள்ளியைக் கொண்டு ஸ்பெயின் வரைக்கும் பாலம் கட்டியிருக்கலாம், உள்ளே செத்தவர்களின் எலும்பைக் கொண்டு இன்னொரு பாலம் கட்டியிருக்கலாம் என்று ராகம் போட்டுச் சொல்வான். எலும்பு என்றதும் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். அடுத்த நிமிடம் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியப் படம் பிடித்துக்கொள்வார்கள். செனோபியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாலம் பாலம்ங்கறான். என் கூரை ஒழுகுது, அதுக்கு ஒரு தகரம் போட ஆளக் காணோம்."

அவள் புருஷன் சிரிலோ அந்த இரண்டாவது பாலத்தில் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. உள்ளே பாறை சரிந்தது. கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள், முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். அவன் விழுந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டாள், இன்றைக்கும் கேட்கிறாள். சங்கத்தின் பதில் மாறவே இல்லை. பெண்பிள்ளை உள்ளே போனால் வெள்ளி மறைந்துவிடும். மீறிப் போனால் காவல் வேலையும் கல் அறையும் பறிபோகும். வேனில் வருகிற பெண்கள் மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு, கூச்சலும் சிரிப்புமாக உள்ளே போய்த் திரும்புகிறார்கள்.

இதை ஒருநாள் அவள் வில்பரிடம் நேராகவே கேட்டாள். "மலை பொம்பளையாம்ல தம்பி? இன்னொரு பொம்பள உள்ள வந்தா பொறாமப்பட்டு வெள்ளிய ஒளிச்சுக்குமாம்ல? வெள்ளைக்காரியப் பாத்தா மட்டும் அதுக்குப் பொறாம வராதா?"

வில்பர் தரையைப் பார்த்தான். "நான் என்னக்கா பண்றது. உன்னைக் கூட்டிட்டுப் போனா நாளைக்கு என் வேனையும் உள்ள விடமாட்டாங்க."

அதன் பிறகு ஒரு வாரம் அவனுடன் பேசவில்லை. அவன் மேல் தப்பில்லை என்பதும் அவளுக்குத் தெரியும், அதுதான் இன்னும் எரிச்சல்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஜெர்மன்காரப் பெண் வெளியே வந்தவள், நேராக செனோபியாவிடம் வந்து கைப்பேசியை நீட்டினாள். வில்பர் உள்ளே சொல்லியிருக்க வேண்டும். நல்ல பெண்தான், கண்கூடக் கலங்கியிருந்தது. படத்தில் சேற்றுத் தரையில் நட்ட ஒரு சின்ன இரும்புச் சிலுவை, அதில் சிரிலோவின் பெயர். கூட வேலை செய்தவர்கள் அன்றே நட்டது. அப்படியொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாளே தவிர, செனோபியா இதுவரை பார்த்ததில்லை. நன்றாகப் பார்ப்பதற்குள் அந்தப் பெண்ணின் விரல் பட்டு அடுத்த படம் வந்துவிட்டது. உள்ளே சுரங்கக்காரர்கள் மாமன் என்று அழைத்துக் கும்பிடும் கொம்பு வைத்த சாமியின் சிலை, அதன் தோளில் கை போட்டுக்கொண்டு இதே ஜெர்மன்காரப் பெண்.

 அந்தப் பெண் கல்லில் உட்கார்ந்து, வாடகைக்குப் போட்டிருந்த ரப்பர் காலணிகளைக் கழற்றினாள். கழுவுவதற்காக வில்பர் தண்ணீர் வாளியை அருகில் இழுத்தான். செனோபியா வாளியைத் தள்ளி வைத்துவிட்டுக் காலணிகளை மடியில் எடுத்துக்கொண்டாள். ஒரு தகரத் துண்டால் அவற்றின் அடியில் ஒட்டியிருந்த சேற்றைத் துளி விடாமல் சுரண்டி, தன் சால்வையின் முனையில் போட்டு முடிந்துகொண்டாள்.