சுண்ணாம்பு அடித்த வீடும் நிவாரணப் பட்டியலும்

நிவாரணப் பணம் கொடுக்கும் வேலைக்குப் போகிறவன் நல்ல பெயரை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பட்டியல் எழுதப் போய்த் திட்டு வாங்கிய அன்பர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம்

முப்பது வருஷம் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் அலுவலக வாசல்களில் கோஷம் போட்டவன் நான். துண்டறிக்கை படித்துத்தான் எழுத்தே கற்றேன். மழை வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் குப்பங்களுக்குள் புகுந்தபோது, ஒரு தொண்டு நிறுவனம் பயனாளிகள் பட்டியல் எடுக்க என்னை அழைத்தது. மேசை போட்டு உட்கார்ந்தேன். என்னோடு சிறைக்கு வந்த மூட்டைத் தொழிலாளி காதர், வரிசையில் நின்றபடி சத்தமாகக் கேட்டார்:

"இன்னா தலீவரே, நாற்காலில குந்திகினதும் எங்க மூஞ்சி மறந்துபூட்ச்சா?"

வெள்ளைச் சுவர்

சுவரில் தண்ணீர் நின்ற கோடு முழங்காலுக்கு மேல் இருந்தால்தான் பணம். அதைப் படம் பிடிப்பது நிறுவனத்துப் பெண் நந்தினியின் வேலை. கன்னியம்மா முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர். எண்ணெய்த் தண்ணீரில் இறங்கி இரண்டு கையும் புண். ஆறும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். இந்தப் பணம் வந்தால் ஒரு மாதம் வீட்டில் இருக்கலாம். வராவிட்டால் மறுநாளே இறங்க வேண்டும்.

அவர் வீட்டுக்குள் போனேன். தூக்கிவாரிப்போட்டது. சுவர் பளிச்சென்று வெள்ளை. ஈரச் சுண்ணாம்பு வாசம். நந்தினி உதட்டைப் பிதுக்கினார்: "கோடு இல்லையே சார்." நான் தலையில் கை வைத்தேன். கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது:

"பட்ச்சவங்க நாலு பேரு வூட்டுக்கு வர்ச்சொல்லோ, கலீஜா வெச்சிகினா காட்டுவாங்க நைனா?"

சாட்சி

அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் சேர்க்கலாம் என்றார் நந்தினி. ஐந்து பேர்தானே! மின் நிலையத்து வாசலில் மறியலுக்கு இதே தெருவை மொத்தமாக உட்கார வைத்தவன் நான். மனு எழுதிக்கொண்டு கதவு கதவாகத் தட்டினேன். வெள்ளத்தன்று கன்னியம்மாவைத் தோளில் தூக்கிக் கரையேற்றிய பக்கத்து வீட்டு முருகன்கூடப் பேனாவைத் தொடவில்லை. பட்டியலில் கன்னியம்மா பெயர் ஏறினால் தன் பெயர் இறங்கிவிடுமோ என்ற பயம். என் தெருவா இது என்று நின்றுவிட்டேன். முருகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மறியல்னா ஊரே வரும்ண்ணே. லிஸ்ட்டுன்னா அவனவன் வூடுதான்."

கத்தி

திரும்பி வந்தால், கன்னியம்மா மீன் வெட்டும் கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். புண்ணில் சுண்ணாம்பு இறங்கிக் கைகள் ரத்தமாக இருந்தன. கத்தியைப் பிடுங்கினேன், விடவில்லை. கடைசியில் மார்பு உயரத்தில் கறுப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு முழ நீளக் கோடு வெளியே வந்தது. நந்தினி போனைத் தூக்கினார். படம் ஏறியது, பெயரும் ஏறியது. கன்னியம்மா சுண்ணாம்பு வாளியைக் காலால் இழுத்தார்:

"எட்த்துட்டியாம்மா? கொஞ்சம் தள்ளிக்கோ, வேற யாராச்சும் வர்றதுக்குள்ள மூடிர்றேன்."

வெள்ளத்தில் மூழ்கியது போதாதென்று, உதவி வாங்க ஏழை அழுக்காகவும் இருந்து காட்ட வேண்டும் என்கிற விதியை எதிர்த்து நான் இதுவரை ஒரு துண்டறிக்கைகூடப் போட்டதில்லை.