எரிந்த காரின் பின்பாதி

1980களின் நடுவில், டெக்சஸ் மாநிலத்தில் ரிச்சர்ட்சனில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. கிரீன் கார்டு கைக்கு வந்த கையோடு எனக்கு இர்விங்கில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. கணவருக்கு ஆபீஸ் நடக்கிற தூரம். நான் ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பஸ் கிடையாது. வேலையில் சேர இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் கார் படுத்துவிட்டது.

அது அறுபதுகளின் கடைசியில் வந்த மஸில் கார். இரண்டே கதவு, லாரி மாதிரி உறுமும் பெரிய எஞ்சின். பெட்ரோலை மடமடவென்று குடிக்கும் என்பதால் அப்போது அதைச் சீந்துவாரில்லை. அதனால்தான் எங்களுக்குக் கிடைத்தது. அதன் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் நொறுங்கிவிட்டன. நாமக்கல்லில் லாரிக்காரர்கள் அதை கிரவுன் என்பார்கள். நான் லாரிக்காரர் மகள்.

புதிது போட வசதியில்லை. கையிருப்பெல்லாம் நாத்தனார் கல்யாணத்துக்குப் போயிருந்தது. "அடுத்த வருஷம் வேற வேலை பாத்துக்கலாம்" என்றார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் யார் எனக்காக வேலையை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்?

அந்த வாரப் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். எங்கள் காரேதான், அதே மாடல். கராஜில் தீப்பிடித்து எரிந்தது, பார்ட்ஸுக்காக விற்பனைக்கு.

கணவர் சென்னைக்காரர். "எரிஞ்சு போனத யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? அபசகுனம்!" என்றார்.

"எங்க ஊர்ல எரிஞ்ச லாரியை வாங்கித்தானுங்க பாதி லாரி ஓடுது" என்றேன்.

பக்கத்து அபார்ட்மென்ட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன், மெக்கானிக்கல் எஞ்சினியர், தன் வண்டியில் எங்களைக் கூட்டிப்போனார். ஒரு விருந்துக்குப் போய்விட்டு அப்படியே போனதால் நான் புடவையில் இருந்தேன்.

விற்பவர் வீட்டு வாசலில் நின்றது கார். முன்பக்கம் வெறும் கரிக்கூடு. "தங்கச்சி, இதில என்ன மிஞ்சியிருக்கப் போகுது?" என்றார் அண்ணன். விற்பவர் வயதான டெக்சஸ்காரர். என் பக்கம் திரும்பாமல் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தார். நானோ பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் இளகவில்லை. டிக்கியின் பெயின்ட்கூடக் கொப்பளிக்கவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். விற்பவரிடம் ஸ்பானர் கேட்டு வாங்கி, ஆக்ஸிலில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றி விரலை விட்டேன். கருகல் வாடை இல்லை. விரலில் இரும்புத் தூள் மினுங்கவும் இல்லை. கிரவுன் நன்றாக இருந்தது! மனசுக்குள் துள்ளிக் குதித்தேன். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

வெளியே வந்து, விலையைக் குறைக்கச் சொன்னேன். முடியாது என்றார். நம்மூர் வழக்கப்படி வேண்டாமென்று கிளம்பிவிட்டேன். "திரும்பிப் பாக்காம நடங்க, கூப்புடுவாரு" என்று கணவரிடம் கிசுகிசுத்தேன்.

அவர் கூப்பிடவில்லை. பத்திரமாகப் போய் வாருங்கள் என்று கையசைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி, இஞ்ச வேண்டாமெண்டு சொன்னா வேண்டாம்தான்!"

மானம் போனால் போகிறது, வேலை போகக்கூடாது. போய்க் கதவைத் தட்டினேன். இர்விங் வேலையைச் சொன்னேன். எங்கள் ஊரில் பேரம் பேசினால் இப்படித்தான் போகிற மாதிரி போவோம் என்பதையும் சொன்னேன். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ ஏதோ கோளாறு கண்டுபிடித்துவிட்டாய், அதனால்தான் போகிறாய் என்று நினைத்தேன்" என்றார்.

"கோளாறு இல்லை. நன்றாக இருக்கிறது" என்றேன்.

"அப்படியானால் நான் ஏன் விலையைக் குறைக்க வேண்டும்?"

அவர் சொன்னது நியாயம்தான். கேட்ட விலைக்கே வாங்கினேன். ஆனால் அவராகவே ஒன்று சொன்னார். அபார்ட்மென்ட்டில் இதை நிறுத்த விடமாட்டார்கள், இங்கேயே வைத்துக் கழற்றிக்கொள்ளுங்கள், ஜாக்கியும் சாமான்களும் என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது என்னைப் பார்த்துப் பேசினார்.

காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் எழுத, கணவரைத் திரும்பிப் பார்த்துப் பெயர் கேட்டார். அபசகுனம் என்ற அதே மனிதர், "என் பெயர் இல்லை, அவள் பெயரை எழுதுங்கள்" என்றார்.

அந்த வார இறுதியில் அண்ணனும் கணவரும் நானும் ஆக்ஸிலைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் காரில் மாட்டினோம். எண்ணெயை நான்தான் ஊற்றினேன். சொன்ன திங்கட்கிழமை, சொன்ன நேரத்துக்கு முன்பே இர்விங்கில் இருந்தேன். அந்த ஆக்ஸில் கடைசிவரை ஒரு சத்தம் போட்டதில்லை.

அப்புறம் வீடு வாங்கினோம், நல்ல நல்ல கார்கள் வாங்கினோம், எல்லாவற்றிலும் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் என் பெயரில் மட்டும் பதிவான முதல் சொத்து, எல்லோரும் வேண்டாமென்ற அந்தக் கரிக்கட்டைதான் என்று சொல்லும்போது எனக்கு இன்றும் கொஞ்சம் திமிராகத்தான் இருக்கிறது.