பிறக்காத பிள்ளைக்கு ரேஷன் கார்டு

காலை 6.30. கூடலூர் பஸ் நிலையம். ஊட்டி வண்டி உறுமிக்கொண்டே நிற்கிறது, நகரக் காணோம். ஐம்பது கிலோமீட்டர், அறுபது ரூபாய். தேவர்சோலையில் நண்பரின் புதுமனை புகுவிழாவுக்கு வந்துவிட்டுக் கோவைக்குத் திரும்புகிறேன். இரவெல்லாம் தூக்கமில்லை. காரணம் என் தம்பி. அமெரிக்காவில் குடியுரிமை வாங்கியவன். போன வாரம் மறுபடியும் பதவியேற்ற அந்த அதிபருக்கே ஓட்டுப் போட்டவன். "இனிதான் நாடு உருப்படும்" என்று செய்தியாக அனுப்பித் தள்ளியிருந்தான். நான் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

7.40. நடுவட்டம். வண்டி பத்து நிமிடம் நின்றது. டீ பதினைந்து ரூபாய், சூடு மட்டும்தான் இருந்தது. என் பக்கத்து இருக்கை அம்மா இறங்கவே இல்லை. அறுபது வயதிருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை.

"டீ குடிக்கலையாம்மா?"

"வேணாம் சார். பையில எல்லாம் பேப்பரு. நனைஞ்சுட்டா போச்சு."

பெயர் ராஜாமணி. பந்தலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். அவர் சிறுமியாக இருந்தபோது, இரு நாட்டு ஒப்பந்தப்படி சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். மகளும் மருமகனும் அமெரிக்காவில். மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, இருவரும் விசாவில் இருக்கிறார்கள். மகளுக்கு ஏழாம் மாதம்.

"இனிமே விசாவுல இருக்கவங்களுக்கு அங்க பொறக்குற புள்ளைக அந்த நாட்டுப் புள்ளைக இல்லேன்னு அந்த பிரசிடெண்டு கையெழுத்துப் போட்டுட்டாராம். அதான் இங்க ரேஷன் கார்டுல பேரு சேத்துரலாம்னு போறேன். பந்தலூர் ஆபீசுல சிரிச்சாங்க. ஊட்டியில பெரிய ஆபீசு இருக்குல்லங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "கோர்ட்டுல கேஸ் போட்டிருக்காங்கம்மா. நிக்காது."

"கோர்ட்டு அது வேலையப் பாக்கட்டும் சார். நான் என் வேலையப் பாக்குறேன்."

8.30. பைக்காரா. புல்லெல்லாம் உறைபனி. சிக்னல் வந்ததும் தம்பியின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. திரையைப் பார்த்துவிட்டு ராஜாமணி கேட்டார்: "ஒங்க ஆளுகளும் அங்க இருக்காங்களா? ஓட்டு யாருக்குப் போட்டாங்களாம்?"

"தெரியலைங்கம்மா" என்றேன். பச்சைப் பொய். அதற்குப் பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன், வெட்கமாக இருந்தது.

9.20. ஊட்டி. நான் அடுத்த கோவை வண்டியைப் பிடித்திருக்கலாம். கால் கேட்கவில்லை. அவரோடு ஆட்டோவில் ஏறினேன், எண்பது ரூபாய்.

10.15. அலுவலகம். எழுத்தர் நல்ல மனிதர். ராஜாமணி பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: ரேஷன் கார்டு, மகளின் ஸ்கேன் படம், ஒரு ஆண் பெயரும் ஒரு பெண் பெயரும் எழுதிய தாள்.

"ரெண்டையும் எழுதிக்கங்க. எதுன்னு தெரிஞ்சதும் ஒண்ண அடிச்சுரலாம்."

எழுத்தர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன்.

"அம்மா, மொதல்ல கொழந்தை பொறக்கட்டும். பொறந்துட்டா பேரு தானா வந்துரும்" என்றார் பொறுமையாக.

ராஜாமணி நகரவில்லை. குரலும் உயரவில்லை.

"எங்கக்காவும் பொறந்தவதாங்க. சிலோன்ல குடுத்த குடும்பக் கார்டுல அவ பேரு விட்டுப்போச்சு. எங்கள மட்டும் கப்பல்ல ஏத்துனாங்க. அவ தலைமன்னார்லயே நின்னுட்டா."