வெள்ளிக்கிழமை முன் சீட்டு

ராயக்கோட்டையில் காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்படும் கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு, ஜன்னல் ஓரம், முனிலட்சுமிக்கு என்று இருந்தது. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. உடம்பு முடியாதவள் என்று இரண்டு வருஷமாக விட்டு வைத்திருந்தார்கள்.

அவளுக்கு அது சொகுசு இல்லை. ஆறு வருஷமாக முடக்குவாதம். காலையில் விரல் கணு ஒவ்வொன்றும் வீங்கிக் கிடக்கும். பால் பாக்கெட்டைப் பல்லால்தான் கிழிப்பாள். ஓசூர் கம்பெனியில் காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. விடிந்ததும் ஒரு வலி மாத்திரை போட்டால்தான் லைனில் நிற்கும்போது விரல் மடங்கும். பின் சீட்டில் உட்கார்ந்தால் டயர் தூக்கித் தூக்கிப் போட்டு வாந்தி வரும். வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிடும். மாத்திரை போனால் அன்றைக்குக் கை இல்லை. கை இல்லாதவளுக்குக் கம்பெனியில் என்ன வேலை?

போன வருஷம் டாக்டர் இன்னொரு மாத்திரையும் எழுதினார். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும். "ஏதாவது ஒரு கிழமை வச்சுக்கங்க. அப்புறம் மாத்தாதீங்க" என்றார். முனிலட்சுமி சாமிக்குப் பயந்தவள். நாள் பார்க்காமல் துடைப்பம்கூட வாங்க மாட்டாள். செவ்வாய், வெள்ளி ஆகாது. சனிக்கிழமை மருந்து தொட்டால் நோய் விடாது என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு. வியாழக்கிழமை குரு நாள் என்று பூசாரி சொன்னார். அந்த வியாழன் ராத்திரி மாத்திரையை மாரியம்மன் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுப் போட்டாள். அதன் பிறகு ஒரு வியாழனும் தவறியதில்லை.

வலி கொஞ்சம் அடங்கியது உண்மைதான். ஆனால் மறுநாள் விடிந்தால் குமட்டல். தண்ணீரின் வாடைகூட ஆகாது. அந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அவள் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரும் வலி மாத்திரையும் தவிர எதுவும் தொடாத விரத நாள். டிரைவர் பொன்னுசாமி பஸ்ஸில் அம்மன் படத்துக்கு ஊதுபத்தியைக் கட்டோடு ஏற்றிச் செருகுவதும் அதே வெள்ளிக்கிழமைதான்.

ஒரு வருஷம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். ஆடி இரண்டாம் வெள்ளியன்று முடியவில்லை.

"அண்ணா, அந்த ஊதுபத்தியக் கொஞ்சம் அணைச்சிடுங்கண்ணா. வயித்தப் பொரட்டுது."

"ஆடி வெள்ளியில ஊதுபத்திய அணைன்னு சொல்றியேம்மா!" என்றார் பொன்னுசாமி, திரும்பாமலே. "நாப்பது உசுரு இந்த வண்டியில போவுது. நான் யார நம்பி ஸ்டியரிங்கப் புடிக்கறது?"

பின்னாலிருந்து சுமலதா சிரித்தாள். முனிலட்சுமி நிற்கும் லைனுக்கு அவள்தான் லீடர். வயது இருபத்தெட்டு. "அக்காவுக்குச் சாமி வாசனையே ஆவல பாருங்கடி. எது உள்ள பூந்துகினு இருக்குதோ!"

"இல்லடி, மசக்கையா இருக்கும்" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். "மாமனைக் கேட்டாத் தெரியும்."

பஸ்ஸே சிரித்தது. முனிலட்சுமிக்கு வயது நாற்பத்தாறு. உத்தனப்பள்ளி வருமுன் கையில் வைத்திருந்த கவரில் வாந்தி எடுத்தாள். கொஞ்சம் கீழேயும் சிந்திவிட்டது. முந்தானையால் துடைத்தாள்.

"ஐயோ சுமா, தெரிஞ்சா செய்யறேன்..."

"சும்மனிரக்கா" என்று சுமலதா கன்னடத்தில் வாயை அடைத்தாள். "சாமி படத்துக்கு எதிர்லயே இந்த அசிங்கம் வேணுமா? நாளையிலருந்து பின்னாடி உக்காரு."

முனிலட்சுமிக்கு உள்ளே எரிந்தது. படத்தைப் பார்த்து மனசுக்குள் கேட்டாள்: "பதினோரு வருசம் உனக்குத் தீ மிதிச்சவ நான். இந்த வீங்கின காலோடயும் மிதிச்சேன். ஒரு ஊதுபத்திப் புகை தாங்கலன்னா நான் உனக்கு ஆகாதவளா? அவளுங்க சொல்றாளுங்க. நீயும் கேட்டுகினு உக்காந்திருக்கிறியே!"

அதன் பிறகு பின் சீட்டு. மற்ற நாட்களில் பல்லைக் கடித்துச் சமாளித்தாள். வெள்ளிக்கிழமைகளில் வலி மாத்திரை வாந்தியோடு கவருக்குள் விழுந்தது. அப்படி மூன்றாவது வெள்ளியன்று அவள் சுற்றிய டேப் தளர்ந்து, முப்பது பீஸ் திரும்பி வந்தது.

"இன்னொரு வெள்ளி இப்பிடி ஆச்சுன்னா மேல எழுதிக் குடுத்துடுவேன்" என்றாள் சுமலதா. "கான்ட்ராக்ட் ஆளு நீ. ஞாபகம் வச்சுக்கக்கா."

அடுத்த திங்கள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்து, "அதே மாத்திரைதானே?" என்று எழுதப் போனார்.

"வாந்திக்கு ஏதாச்சும் குடுங்க சார். வெள்ளிக்கிழமையானா உசுரு போவுது."

பேனா நின்றது. "வார மாத்திரைய எந்தக் கிழமை போடறீங்க?"

"வியாழன்."

"கம்பெனிக்கு லீவு எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

"அப்புறம் ஏம்மா வியாழக்கிழமை போடறீங்க? சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுப் போட்டா, குமட்டல் ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிடுமே. வலி மாத்திரையும் வெறும் வயித்துல போடக் கூடாது. ரெண்டு இட்லியாவது சாப்பிடணும்."

 பெரியவர்களிடம் குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவள் முனிலட்சுமி. அன்றைக்கு உயர்ந்துவிட்டது.

"இந்த ஒரு வருசத்துல பன்னெண்டு தடவை வந்திருக்கிறேன் சார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னா கிழமைன்னு கேட்டீங்களா? மாத்தாதீங்கன்னு மட்டும் சொன்னீங்க. நான் மாத்தல. பஸ்ஸுல சாமிக்கு ஆகாதவன்னு பேரு வாங்கினு வந்து நிக்கறேன்!"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முகம் சுருங்கிப் போனது. "கேட்டிருக்கணும்மா" என்றார் மெதுவாக. "இந்த வியாழன் போடாதீங்க. சனிக்கிழமை போடுங்க. சனிக்கிழமை உங்களுக்குப் பரவாயில்லையா?"

வீட்டுப் பேச்சு ஞாபகம் வந்தது. முனிலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது, கசப்பாக. "சனிக்கிழமை தொட்டா நோய் விடாதுன்னு சொல்லுவாங்க சார். இது விடாத நோயின்னு நீங்களே மொதல்லயே சொல்லிட்டீங்க. இனி எனக்குச் சனிக்கிழமை மேல என்னா பயம்?"

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டாள். நாள் கேட்கவில்லை, படத்தின் முன்னால் வைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாயில் சுருண்டு கிடந்தாள், பக்கத்தில் வாளி. கோயிலுக்குப் போகிற ஒரே நாள் அது. ஆறு நாள் கம்பெனிக்கு, ஏழாவது நாள் வாந்திக்கு; எனக்கென்று எந்தக் கிழமை என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். அந்தக் கோபம் மருந்தில் இறங்குகிற கோபம் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் இரண்டு இட்லி தின்றாள். "இனி உனக்கு விரதம் கிடையாது. கோவப்பட்டா பட்டுக்கோ" என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வலி மாத்திரையை விழுங்கினாள். பஸ் ஏறினாள். முன் சீட்டில் சுமலதா உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் ஓரத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பை. முனிலட்சுமி பையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, அவளைத் தாண்டிப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"அக்கா! பின்னாடின்னு சொன்னேனில்ல? வாந்தி எடுத்தா?"

"எடுத்தா உன் பையிலதான் எடுப்பேன். அதும் வாயத் தெறந்து வச்சுக்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. சுமலதா பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

பொன்னுசாமி கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். கட்டிலிருந்து ஒரே ஒரு ஊதுபத்தியை உருவி ஏற்றப் போனார்.

"ஏண்ணா ஒண்ணு? கட்டோட ஏத்துங்க. எனக்காகச் சாமிக்குக் கொறைக்காதீங்க."

ஏற்றினார். புகை வந்தது. அவள் முகத்தை மூடவில்லை. குமட்டலுக்கென்று கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் அழுத்திக்கொண்டு அம்மனை முறைத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உத்தனப்பள்ளி வந்தது, போனது. கவர் மடித்தபடியே மடியில் கிடந்தது. ஓசூர் வரும் வரை அவள் அதைப் பைக்குள் வைக்கவில்லை.