டிக்கியில் பழுத்த ஆப்பிள்

புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே இரண்டு கோடைகளைக் கழித்துவிட்ட எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: துபாய் ஆபீசுக்கு மாற்றல். அதைத் தரக்கூடிய மேனேஜருக்குப் பித்தும் ஒன்றுதான்: சைடர். லண்டனில் ஒரு வருடம் இருந்தவர். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த அந்தப் பானத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய மதுரைத் தமிழ் கோட்டு போட்டுக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்தார். இனிப்பு சைடரில் இங்கிலாந்து உசத்தியா, பிரான்ஸ் உசத்தியா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். பரீட்சைக்குப் படிப்பதுபோல் வீடியோக்கள் பார்த்துவிட்டுப் போனேன். பிரெஞ்சுக்காரர்கள் பழத்தின் இனிப்பு மிச்சம் இருக்கும்போதே புளிப்பதை நிறுத்திவிடுவார்கள். போதை குறைவு, மணம் அதிகம். இது போதாதா?

இங்கிலாந்துப் பாட்டில்கள் ஃபிரிட்ஜில் இருந்தன. பிரெஞ்சுப் பாட்டில்கள் வாங்கிய நாளிலிருந்து கார் டிக்கியில். “எடுத்துட்டு வா தம்பி” என்றார். ஆகஸ்ட் மாதம். அட்டைப்பெட்டி கையைச் சுட்டது.

இங்கிலாந்து சைடர் நிஜமாகவே நன்றாக இருந்தது. நல்ல இனிப்பு, முடிவில் நாக்கை லேசாகக் கிள்ளியது. பிரெஞ்சு பாட்டிலை ஐஸில் முக்கித் திறந்தார். கார்க் ஏசியில் மோத, பாதி நுரை சோபாவுக்குப் போனது. மீதியை டீ கப்பில் ஊற்றினார். பிரான்சில் கப்பில்தான் குடிப்பார்களாம். குடித்துப் பார்த்தால், குக்கரில் நாலு விசில் விட்ட ஆப்பிள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். “வெயில் தெரியுதா? பிரான்ஸ்ல நார்மண்டி தோட்டத்து வெயில்!”

“நம்ம பார்க்கிங் வெயிலுங்க” என்றார் அவர் மனைவி. “ஜாம் அடிப்பிடிச்ச மாதிரி இருக்கு.”

“உனக்கு நாக்கு பழகல. நீ சொல்லு தம்பி.”

வாயில் உண்மையும் இருந்தது, மாற்றலும் இருந்தது. மாற்றலை விழுங்க மனமில்லை.

“தோட்டத்துலயே நிக்கிற மாதிரி இருக்கு சார். சுட்ட ஆப்பிள், கேரமல், கடைசியில லேசா ஒரு புகை. இங்கிலீஷ் சைடர்ல இந்த ஆழம் மாஃபி, சுத்தமா இல்ல.”

“நல்லா வருவீங்க தம்பி” என்று சொல்லிவிட்டு மேடம் சோபாவைத் துடைக்கப் போனார்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன்.

“துபாய்க்கு வேற ஆளை அனுப்பிட்டேன்பா. இப்படி ஒரு நாக்கை அங்க அனுப்பிட்டு நான் இங்க யாரோட குடிக்கிறது? இனி மாசாமாசம் நாம உக்காருறோம். அடுத்த பெட்டியும் வாங்கியாச்சு.”

“ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டீங்களா சார்?”

“சேச்சே, டிக்கியிலதான். நீ சொன்ன அந்தக் கேரமல் அங்க வெச்சாத்தான் வருமாம். எங்க வீட்டம்மா ஐடியா.”